கிளார்க்கா, விஏஓவா? ராமநாதபுரம் கடலோர ஊருக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, பெரியபட்டினம், தேவிபட்டினம் மாதிரி ஒரு கடலோர ஊரில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். அல்லது வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்து, சொந்த ஊரிலேயே ஒரு வீடு கட்டப் பார்க்கிறீர்கள். வரி, தண்ணீர், சான்றிதழ் என்று எதைக் கேட்டாலும் ஊரில் ஒரே பதில்தான் வரும்: “கிளார்க்கைப் போய்ப் பாருங்க.” எந்தக் கிளார்க் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம், நமக்குத்தான் புதிது.

ஊராட்சிச் செயலர் அலுவலகம், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகம் என்று இரண்டுக்கும் நடுவில் நான் நன்றாகவே அலைந்தேன். எந்த வேலை யாருடையது, என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்த மாதத்தில் போகலாம் என்பதை யாராவது முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் ஊர் ஊராட்சிதானா என்று பாருங்கள்

இந்த வழிகாட்டி கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி ஆகியவை பேரூராட்சிகள். அங்கே ஊராட்சிச் செயலர் என்று ஒருவர் கிடையாது. நகராட்சிக்கு ஆணையர், பேரூராட்சிக்குச் செயல் அலுவலர். உங்கள் மனை பேரூராட்சி எல்லையை ஒட்டி இருந்தால் விற்பவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். அவருடைய கடைசி வீட்டு வரி ரசீதைக் கேளுங்கள். எந்த அலுவலகத்தின் பெயர் அதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் அலுவலகம்.

அடுத்து நான்கு பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், வருவாய் கிராமம், தாலுகா. முதல் இரண்டும் ஊரக வளர்ச்சித் துறை. பின்னிரண்டும் வருவாய்த் துறை. இவை ஒன்றோடொன்று பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஓர் ஊராட்சிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய் கிராமங்கள் இருக்கலாம், பெயரும் வேறாக இருக்கலாம்.

பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். தாலுகா ராமேஸ்வரம், ஒன்றியம் மண்டபம். அந்த மண்டபம் யூனியன் ஆபீசோ மண்டபத்தில் இல்லை, உச்சிப்புளியில் இருக்கிறது. ஆக பாம்பன்காரர் பட்டா விஷயமாகத் தாசில்தாரைப் பார்க்கக் கிழக்கே ராமேஸ்வரம் போக வேண்டும். வீட்டு வரி விஷயமாகப் பிடிஓவை (வட்டார வளர்ச்சி அலுவலரை) பார்க்கப் பாலத்தைத் தாண்டி மேற்கே உச்சிப்புளி போக வேண்டும். தவறான பஸ்ஸில் ஏறினால் அன்றைய பொழுது போச்சு.

2. யாரிடம் எது

ஊரில் “பஞ்சாயத்து கிளார்க்” என்று சொல்வது ஊராட்சிச் செயலரை. வரிப் பதிவேடு, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை, ஊராட்சிச் சாலை, சுடுகாடு–இடுகாடு பராமரிப்பு, நூறு நாள் வேலை அட்டை, கிராம சபைத் தீர்மானம், ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு எல்லாம் அவர் கையில் இருக்கும் பதிவேடுகள். கவனியுங்கள், பதிவேடுதான் அவர் கையில் இருக்கிறது, அதிகாரம் இல்லை. சட்டப்படி ஊராட்சியின் நிர்வாக அதிகாரி தலைவர். செயலர் கோப்பைத் தயார் செய்து வைப்பவர். “நான் பண்ணித் தர்றேன்” என்று அவர் சொன்னாலும் கையெழுத்து இன்னொருவருடையது.

அந்த இன்னொருவர் யார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் தலைவரின் வேலையைத் தனி அலுவலர் பார்ப்பார். அவர் வட்டார வளர்ச்சி அலுவலர், இருப்பது யூனியன் ஆபீசில். ஆகவே ஊரில் உள்ள முன்னாள் தலைவர் எவ்வளவு செல்வாக்கானவராக இருந்தாலும் அவருடைய லெட்டர் பேடில் வாங்கிய கையெழுத்து உங்கள் மனுவுக்கு உதவாது.

விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர், வருவாய்த் துறை ஆள். பெரியவர்கள் இன்னும் “கணக்கப்பிள்ளை” என்றுதான் சொல்கிறார்கள். பட்டா, சிட்டா (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற கணக்கு), ‘அ’ பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்ற பதிவு), அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புறம்போக்கு (அரசு நிலம்), சாதி–வருமானம்–இருப்பிடச் சான்றுக்கான விசாரணை, ஊராட்சிப் பகுதியில் வீட்டில் நடந்த பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அவரிடம். அவருக்கு உதவியாக இருப்பவர் கிராம உதவியாளர். “தலையாரி” என்று கேட்டால்தான் ஊரில் வீட்டைக் காட்டுவார்கள்.

இரண்டு பேரிடமும் போகத் தேவையில்லாதவையும் உண்டு. ரேஷன் கார்டு தாலுகா வழங்கல் அலுவலகத்தைச் சேர்ந்தது. திருமணப் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில். திருமணமான 90 நாட்களுக்குள் போய்விடுங்கள். மீனவர் அடையாள அட்டையும் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் மீன்வளத் துறை. தெருவிளக்கில் பல்ப் எரியவில்லை என்றால் ஊராட்சி, கம்பம் சாய்ந்தாலோ கம்பி அறுந்தாலோ மின்வாரியம்.

3. கோப்பை வீட்டிலேயே கட்டுங்கள்

செயலரின் மேசையில் நின்றுகொண்டு “இதோ ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்” என்று கிளம்பினால், திரும்பி வரும்போது அவர் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருப்பார். ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும் ஊர்கள் குறைவு. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்:

கிரயப் பத்திரம், முழுவதும், கடைசிப் பக்கத்து முத்திரைகளோடு.
உங்கள் பெயரில் மாறிய பட்டா. மாறவில்லை என்றால் பட்டா மாறுதல் மனு எண்.
வில்லங்கச் சான்று. பதிவுத் துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சான்றொப்பமிட்ட நகலுக்குத்தான் கட்டணம்.
வீட்டின் கடைசி வரி ரசீதும் தண்ணீர்க் கட்டண ரசீதும், பழைய உரிமையாளர் பெயரில்.
மின் கட்டண ரசீது. இணைப்பு எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.
ஆதார். அதோடு இணைத்த செல்போன் கையில் இருக்க வேண்டும். ஓடிபி அதில்தான் வரும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பழைய இந்திய நம்பர் என்றைக்கோ செத்திருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள்.
வீட்டின் முன்பக்கப் போட்டோ, நீள அகலம் குறித்த ஒரு கைவரைபடம்.

வாரிசு வழியில் வந்த வீடு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும். கூட்டு வாரிசுகள் கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கும் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். அதுதான் கடைசியில் வந்து சேரும் காகிதம்.

யாராவது பிரமாணப் பத்திரம் கேட்டால் ஒரு விஷயம்: வீட்டு அலமாரியில் கிடக்கும் 20 ரூபாய் முத்திரைத்தாள் போதாது. 2024 மே 10 முதல் தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை 200 ரூபாய்.

4. செயலரைப் பார்ப்பது

நேரே போய் நிற்காதீர்கள், போன் செய்துவிட்டுப் போங்கள். எண் அலுவலகச் சுவரில் எழுதியிருக்கும், இல்லையென்றால் டீக்கடையில் கிடைக்கும். பல செயலர்கள் பக்கத்து ஊராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார்கள். யூனியன் ஆபீசில் ஆய்வுக் கூட்டம் என்றால் அன்று ஊரில் இருக்க மாட்டார்கள். காலையில், அலுவலகம் திறந்த கையோடு போவதே நல்லது.

அவர்மேல் எரிச்சல்படுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: மோட்டார் பழுது, குப்பை வண்டி, கணக்கு, கணினிப் பதிவேற்றம், மேலே இருந்து அவசரமாகக் கேட்கும் புள்ளிவிவரம் எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வேலை தெரிந்தவர்கள், நேரம்தான் இல்லாதவர்கள். காகிதம் முழுதாக இருந்தால் மளமளவென்று முடித்துத் தருவார்கள்.

வாய்மொழியாக எதையும் கேட்க வேண்டாம், மனுவாகக் கொடுங்கள். நான்கு வரி போதும்:

“பெறுநர்: தனி அலுவலர் (அல்லது தலைவர்), இன்ன ஊராட்சி. பொருள்: வீட்டு வரி விதிப்பில் பெயர் மாற்றம் கோருதல். சர்வே எண் இன்னதில், கதவு எண் இன்னதாக உள்ள வீட்டை இன்ன தேதியில், இன்ன ஆவண எண்ணில் கிரயம் பெற்றுள்ளேன். வரி நிலுவை இல்லை. என் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: ...”

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதி, கையெழுத்து, அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், குறிப்பாக ஊரில் எல்லோரும் மாமன் மச்சானாகப் பழகும் இடத்தில். “அண்ணே, வீட்ல காட்டணும், ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த முத்திரை இல்லாவிட்டால் பின்னால் எந்த மேலதிகாரியிடமும் உங்களால் பேச முடியாது. மனு கொடுத்ததாகவே கணக்கு இருக்காது.

5. வீட்டு வரி

பழைய வீட்டை வாங்கியவருக்குப் பெயர் மாற்றம், புதிதாகக் கட்டியவருக்குப் புது வரி விதிப்பு. இரண்டும் செயலரிடம்தான் தொடங்கும்.

பெயர் மாற்றத்தில் முதல் தடை நிலுவை. பழைய உரிமையாளர் வருடக்கணக்கில் கட்டாமல் விட்ட வரி, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில் விழும். பத்திரம் பதியும் முன்பே செயலரிடம் கதவு எண்ணைச் சொல்லி நிலுவையைக் கேட்டு, விற்பவரையே கட்டவைத்து ரசீதை வாங்கிவிடுங்கள். பதிந்த பிறகு விற்றவர் போனை எடுப்பார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை.

புது வரி விதிப்பில் செயலர் வந்து வீட்டை அளப்பார். கட்டடத்தின் வகையும் (கூரை, ஓடு, கான்கிரீட்) பரப்பும்தான் வரியைத் தீர்மானிக்கும். அளக்கும்போது கூடவே நில்லுங்கள். மாடிப்படி, திண்ணை, வெளிக் கழிப்பறை எல்லாம் எப்படிக் குறிக்கப்படுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரப்பு தவறாக ஏறிவிட்டால் அதைத் திருத்துவது புதிதாக ஏற்றுவதைவிடப் பெரிய வேலை. பெயரின் எழுத்தையும் அங்கேயே சரிபாருங்கள்: முதலெழுத்து, தகப்பனார் பெயர், ஆதாரில் உள்ள அதே வடிவம். கடலோரத்தில் செய்யது, சையது, செய்யிது என்று ஒரே வீட்டில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அந்தோணி, அந்தோனியும் அப்படியே. பத்திரத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வரி ரசீதில் இன்னொன்று என்று ஆகிவிட்டால் வங்கிக் கடன் கேட்கும் நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

வரியோடு நூலக வரியும் சேரும், ரூபாய்க்கு 10 காசு. ரசீதில் அது தனி வரியாக இருப்பதைப் பார்த்து யாரும் கூடுதலாகப் பிடுங்குவதாக நினைக்க வேண்டாம். பணம் கட்ட ஊரக வளர்ச்சித் துறையின் வரி செலுத்தும் இணையதளம் இருக்கிறது. உங்கள் வரி விதிப்பு எண் அதில் ஏறியதும் வீட்டிலிருந்தே கட்டலாம், ரசீதும் அதிலேயே வரும். கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு “ரசீது அப்புறம் தர்றேன்” என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்படிக் கொடுத்த பணம் நிலுவையாகவே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கடலோரத்தில் பல இடங்கள் புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம் என்று இருக்கும். அங்கே கட்டிய வீட்டுக்கும் வரி போட்டிருக்கலாம், மின் இணைப்பும் இருக்கலாம். “இருபது வருசமா வரி கட்டுறோம், பட்டா வராம போகுமா” என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். சர்வே எண்ணைப் போட்டு ‘அ’ பதிவேட்டை வருவாய்த் துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் நிலத்தின் வகைப்பாடு என்னவென்று இருக்கிறதோ அதுதான் பேசும். நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றால் அதற்குத் தனிப் பதிவேடு. விஏஓவிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. தண்ணீர்

ராமநாதபுரம் கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும் இடங்களே அதிகம். குடிநீர் என்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர், அது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு வந்து அங்கிருந்து தெருவுக்கு வரும். அதனால் வீடு வாங்கும் முன் அந்தத் தெருவுக்கு எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். செயலரைவிடத் தொட்டி இயக்குபவருக்கு இது நன்றாகத் தெரியும். ஊரில் தண்ணீரைப் பற்றிய உண்மை வேண்டும் என்றால் அவரோடு ஒரு டீ குடியுங்கள்.

இணைப்பு மனுவுக்கு வீட்டு வரி ரசீது அவசியம். ஆகவே 5-ஆம் படியை முடிக்காமல் இதைத் தொடங்க முடியாது. வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் ஊராட்சித் தீர்மானப்படி ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து ஊர்க் கணக்கைக் காட்டி வாதாட வேண்டாம். தீர்மான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டிய தொகைக்கு ரசீது வாங்குங்கள். குழாய், பள்ளம் தோண்டும் கூலி, சாலையை உடைத்தால் அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது எல்லோரும் செய்வதுபோலத் தெரியும். புதிதாக வந்தவர் வைத்தால்தான் முதலில் புகார் போகும்.

7. கட்டப் போகிறவர்களுக்கு

கட்டட அனுமதி இப்போது ஒற்றைச் சாளர இணையதளத்தில். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் உள்ள குடியிருப்பு என்றால் ஆவணங்களை ஏற்றி, கட்டணத்தை இணையத்திலேயே கட்டி, உடனடியாக அனுமதி பெறலாம். செயலரைத் தேடிப் போகவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. வேலையைத் தொடங்கும்போது ஒரு நகலைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுங்கள், வரி விதிப்புக்கு எப்படியும் கேட்பார்.

சுயசான்று என்றால் எல்லாம் உண்மை என்று உறுதி சொல்பவர் நீங்கள். தகவல் தவறு என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். கட்டிய சுவருக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, மனைப்பிரிவு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம், அதாவது கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளும் வழி. கடலைப் பார்த்த மாதிரி கல் நட்டு, கொடி கட்டி விற்கும் மனைகளில் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்ற ஒரு வரியில் மயங்க வேண்டாம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும்.

இரண்டு, கடலோர ஒழுங்காற்று மண்டலம். உயர் அலை எல்லையிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து) 500 மீட்டர் வரை அந்த விதிகள் பாயும். கடல் நீர் ஏறும் ஓடை, கழிமுகப் பக்கங்களுக்கும் தனி அளவு உண்டு. காலங்காலமாகக் கடலை நம்பி அங்கேயே வாழும் மீனவக் குடும்பங்களின் வீடுகளுக்கு விதியில் இடம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து மனை வாங்கும் நீங்களோ நானோ அதில் சேர மாட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கிறார் என்பது காரணமாகாது. கடலோர மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இதைச் செயலரிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார், ஆனால் எழுதித் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

8. விஏஓ பக்கம் போகும் வேலைகள்

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, வாரிசு ஆகிய சான்றுகளுக்கு விஏஓவிடம் நேரே போய் மனு கொடுப்பதில்லை. இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், கட்டணம் 60 ரூபாய். அதற்குமேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். ஸ்கேன், பிரிண்ட் என்று ஏதாவது சொல்வார்கள். முதல் முறை என்றால் குடிமக்கள் கணக்கு எண் ஒன்றை உருவாக்குவார்கள், அதைக் குறித்து வையுங்கள், வாழ்நாளுக்கும் அதே எண். மனு விஏஓ, வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் அலுவலகம் என்று ஏறும். நம் ஊரில் பலருக்கு மனு நிராகரிக்கப்படுவதற்குக் காரணம் காகிதம் இல்லை, போன்தான். விஏஓ கூப்பிடும்போது எடுக்காவிட்டால் “விண்ணப்பதாரர் விசாரணைக்கு வரவில்லை” என்று திரும்பிவிடும், 60 ரூபாயும் போகும். பதிந்த மறுநாளே மனு எண்ணோடு அசல்களை எடுத்துக்கொண்டு விஏஓ அலுவலகத்தில் ஒருமுறை தலையைக் காட்டுங்கள்.

வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில், மே, ஜூனில், இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். தளமும் நத்தையாக நகரும். ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. ஆஸ்பத்திரியில் நடந்தால் ஆஸ்பத்திரி வழியாகவே பதிவாகும். ஊராட்சிப் பகுதியில் வீட்டில் நடந்த இறப்பு என்றால் விஏஓவிடம் போக வேண்டும், செயலரிடம் இல்லை. 21 நாட்களுக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணமும், தள்ளிப்போகப் போக மேல் அலுவலரின் அனுமதியும் சேரும். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போகும் வேலை. கடலோரத்தில் ஜமாஅத்திலும் பங்குக் கோயிலிலும் அடக்கப் பதிவேடு ஒழுங்காக இருக்கும், அதனால் வீட்டில் “பதிஞ்சாச்சு” என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதம் ஆதாரமாக உதவும், அரசுப் பதிவுக்கு மாற்றாகாது. துக்க வீட்டில் இதை யாரும் பேச மாட்டார்கள். பத்தாம் நாளுக்குள் வெளியாள் ஒருவர் இதைக் கையில் எடுப்பது நல்லது. குழந்தையின் பெயரையும் ஒரு வருடத்துக்குள் பதிந்துவிட்டால் செலவில்லை.

9. எப்போது போவது

மார்ச் மாதம் முழுக்கச் செயலர் வரி வசூலில் இருப்பார். உங்கள் வரியைக் கட்டப் போனால் வரவேற்பார், பெயர் மாற்றம் கேட்டால் ஏப்ரலுக்கு வரச் சொல்வார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் செயலர், விஏஓ இருவரும் பாதுகாப்பு மையத்திலும் கரையிலும்தான் இருப்பார்கள். அந்த வாரம் மனுவோடு போகாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். வீட்டு ஆண்கள் கரையில் இருப்பார்கள். கூட்டு வாரிசுகளின் கையெழுத்து, எல்லை அளக்கும்போது பக்கத்து மனைக்காரர், சாட்சி என்று ஆள் வேண்டிய வேலைகளை இந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கடலுக்குப் போனவர் கரையேறும் நேரத்துக்கு அலுவலகம் பூட்டியிருக்கும். வருவாய்த் துறை வேலை என்றால் மே, ஜூனில் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியும் (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) நல்ல வாய்ப்பு. விஏஓ தன் கிராமக் கணக்கோடு வந்து உட்கார்ந்திருக்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவுக்குக் குழாய் இல்லை, விளக்கு இல்லை, சாலை இல்லை என்பது போன்ற பொது விஷயங்களுக்குத்தான் இது. உங்கள் பட்டாவையோ பெயர் மாற்றத்தையோ அங்கே எழுப்பிப் பயனில்லை. பேசிவிட்டு உட்காராமல் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். வந்து முதல் வருடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் நல்லதுதான். ஊரில் யாருக்கு யார் பேசுகிறார்கள் என்பது புரியும்.

10. இழுத்தடித்தால்

முத்திரை வாங்கிய மனு நகல் இருக்கிறதல்லவா, இப்போது அதற்கு வேலை.

ஊராட்சி வேலை என்றால் யூனியன் ஆபீசில் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). அங்கே இரண்டு பிடிஓக்கள் இருப்பார்கள். இன்னொருவர் வட்டார ஊராட்சி, அவரிடம் கொடுத்தால் மனு ஒரு மேசை தள்ளிப் போய்ச் சேர நாளாகும். அதற்கு மேல் ஆட்சியர் அலுவலகத்தில் ஊராட்சிகள் உதவி இயக்குநர். வருவாய் வேலை என்றால் வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர். போனிலேயே சொல்ல ஊராட்சிமணி என்ற புகார் மையம் 155340. எந்தத் துறைக்கும் முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்கும் மனுவும் கடைசியில் அதே செயலரிடமோ விஏஓவிடமோதான் அறிக்கைக்குத் திரும்பி வரும். அதனால் மனுவில் அவரைத் திட்டி எழுதாதீர்கள். தேதி, மனு கொடுத்த விவரம், இதுவரை நடந்தது, வேண்டியது, அவ்வளவு போதும்.

என் கோப்பு ஒன்று ஒரு மேசையில் அசையாமல் கிடந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்ட பிறகுதான் நகர்ந்தது. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது. “இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல், மனு இப்போது யாரிடம் உள்ளது என்ற விவரம்” என்று ஆவணத்தைக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் அவர்கள் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றியாக வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் குத்தி வையுங்கள்.